முதல் ஐந்நூறு ரூபாய் போவதற்கு முன்

திருப்பூரில் பனியன் கம்பெனிகள் நெருக்கமாக இருக்கும் ஒரு பகுதியில் எனக்குச் சின்னதாக ஒரு கடை. ஜெராக்ஸ், ரீசார்ஜ், பணம் அனுப்புவது மூன்றும் உண்டு. எதிரில் மேல்நிலைப் பள்ளி. சுற்றிலும் தாய், தகப்பன் இருவருமே தையலிலோ செக்கிங்கிலோ வேலை பார்க்கும் வீடுகள். ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு அவர்கள் வந்து சேர இரவு எட்டரைக்கு மேல் ஆகும். பள்ளி விட்டதிலிருந்து அதுவரை வீட்டில் பிள்ளையும் போனும்தான்.

யுபிஐ இல்லாத பிள்ளைகள் ரொக்கத்தைக் கொண்டுவந்து, "அக்கா, இதற்கு ஐந்நூறு அனுப்பிவிடுங்கள்" என்று போனை நீட்டுவார்கள். பெரும்பாலும் அதில் ஒன்றும் இருக்காது. வகுப்புத் தோழியின் பிறந்தநாளுக்குப் பங்கு, டியூஷன் பீஸ், அவ்வளவுதான். சில நேரம் வேறு மாதிரி இருக்கும். யாரோ அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டில் ஒரு கியூஆர் கோடு. ஸ்கேன் செய்தால் வரும் பெயர் யாருடையது என்று பிள்ளைக்கே தெரியாது. "யார் தம்பி இது?" என்று கேட்டால் "நண்பனுடைய அண்ணன்" என்பான். நிற்கிற நேரத்துக்குள் போன் அதிர்ந்துகொண்டே இருக்கும். பணம் போனதும் ரசீதைப் படம் பிடித்து உடனே யாருக்கோ அனுப்புவான். மறுநாள் ஆயிரத்தோடு வருவான். அந்தரங்கப் படத்தையோ வீடியோவையோ காட்டி யாரோ பிள்ளையை மிரட்டிப் பணம் பறிக்கிறார்கள் என்பதற்குப் பல நேரம் இதுதான் அடையாளம்.

இந்த ஊரில் பெற்றோர் என்னிடம் கேட்பதெல்லாம் "எந்த ஆப்பைப் போட்டால் பிள்ளை பத்திரமாக இருக்கும்?" என்பதுதான். ஆப் பிறகு. மிரட்டுகிறவன் விற்பது ஒரே ஒரு சரக்கு: வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்ற பயம். வீட்டில் அந்தச் சரக்குக்கு விலை இல்லை என்று ஆகிவிட்டால் அவன் வியாபாரம் படுத்துவிடும். கீழே நான் சொல்லும் எல்லாமே அதை எப்படிச் செய்வது என்பதைப் பற்றியவைதான்.

முதலில், அவன் வேலை செய்கிற விதம்

பையன்களிடம் வேகமாக வருவான். இன்ஸ்டாகிராமில் ஒரு பெண் பெயரில் கணக்கு. அதே பள்ளிப் பிள்ளைகள் சிலரை முன்பே பின்தொடர்ந்திருப்பதால் தெரிந்த முகம் போலத் தோன்றும். இரண்டொரு நாள் பேச்சு, சில நேரம் ஒரே இரவு. பிறகு வாட்ஸ்அப்புக்கோ டெலிகிராமுக்கோ கூப்பிடுவாள். வீடியோ காலில் மறுபக்கம் ஓடுவது முன்பே எடுத்த யாரோ ஒரு பெண்ணின் காட்சி. இந்தப் பக்கம் பிள்ளை செய்வதெல்லாம் பதிவாகிக்கொண்டிருக்கும். அழைப்பு துண்டானதும் அந்தப் பதிவும், பிள்ளையின் நண்பர்கள் பட்டியலும் சேர்ந்து வரும். அதில் அக்காவின் கணக்கும் மாமாவின் கணக்கும் வட்டமிடப்பட்டிருக்கும். "பத்து நிமிடத்தில் ஐயாயிரம். இல்லையென்றால் இவர்களுக்குப் போகும்." இவ்வளவுதான் வித்தை.

கொடுத்தால் நிற்கும் என்று பிள்ளை நினைக்கிறது. கொடுத்தது, இந்த வீட்டில் பணம் கிடைக்கும் என்பதற்குச் சான்றாகிவிடுகிறது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 2022இல் 17 வயது மாணவன் ஒருவன் இப்படி மாட்டிக்கொண்டான். 300 டாலர் கொடுத்தான். மிரட்டல் நிற்கவில்லை, இன்னும் கேட்டார்கள். சில மணி நேரத்துக்குள் அந்தப் பையன் உயிரோடு இல்லை. அந்தப் பெண் கணக்குக்குப் பின்னால் இருந்தவர்கள் நைஜீரியாவைச் சேர்ந்த அண்ணன் தம்பி இருவர். அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்டு, 2024 செப்டம்பரில் ஆளுக்குப் பதினேழரை ஆண்டு சிறைத் தண்டனை பெற்றார்கள். தூர தேசத்துக் கதையை ஏன் சொல்கிறேன் என்றால், மறுபக்கம் இருப்பவன் இதைத் தொழிலாகச் செய்கிறவன் என்பது பெற்றோருக்குத் தெரிய வேண்டும். நம் நாட்டிலும் ராஜஸ்தானின் பரத்பூர், அல்வார், ஹரியானாவின் நூ பக்கங்களில் இதையே பிழைப்பாகக் கொண்ட கும்பல்கள் பிடிபட்டிருக்கின்றன. தொழில்காரனிடம் 15 வயதுப் பிள்ளை ஏமாந்ததற்கு "உனக்கு அறிவில்லையா" என்று கேட்பதில் பொருளில்லை.

பெண் பிள்ளைகளிடம் கதை மெதுவாக நகரும். மிரட்டுகிறவன் பல நேரம் முகம் தெரிந்தவன்: முன்பு பழகியவன், மூத்த மாணவன், உறவுக்காரப் பையன். முதலில் கேட்பது பணமாக இருக்காது. இன்னொரு படம், இன்னொரு அழைப்பு, நேரில் ஒரு சந்திப்பு. பணம் பிறகு வரும், சில நேரம் நகையாக. பிள்ளை எதுவுமே அனுப்பாமலும் இது நடக்கலாம். வாட்ஸ்அப் முகப்புப் படமோ பள்ளி ஆண்டு விழாப் படமோ போதும். செயற்கை நுண்ணறிவுக் கருவியில் போட்டு ஆடையில்லாத படம் செய்துவிடுகிறார்கள். "நீ அனுப்பாமல் எப்படி வந்தது?" என்று எந்தத் தாயும் இனிமேல் கேட்கக் கூடாது.

விளையாட்டு வழியாக வருவது மூன்றாவது வகை. ப்ரீ பயர் மேக்ஸில் இலவசமாக டைமண்ட் தருகிறேன் என்பான். உண்மையிலேயே கொஞ்சம் தருவான். பிறகு ஓடிபி கேட்பான், அல்லது படம் கேட்பான். பிள்ளையிடம் கணக்கில் வராத பொருள் இருந்தால், புது இயர்போன், யாரோ போட்ட ரீசார்ஜ், விளையாட்டில் திடீர்ப் பணக்காரத்தனம், அதையும் பணம் குறைவதைப் போலவே கவனியுங்கள். வலை பெரும்பாலும் கொடுப்பதில்தான் தொடங்குகிறது.

பணம் எங்கே காட்டிக்கொடுக்கும்

பிள்ளை சொல்வதற்கு முன்னால் பணம் சொல்லிவிடும். ஐந்நூறு, ஆயிரம், இரண்டாயிரம் என்று முழு எண்களாக, நாள் இடைவெளி குறைந்துகொண்டே வருவது ஒரு அடையாளம். உண்டியல் காலியாகும். பாட்டியிடமும் பக்கத்து வீட்டிலும் தனித்தனியாகக் கடன் வாங்கியிருக்கும். கொலுசு "தொலைந்துபோகும்". கூகுள் பிளே கிப்ட் கார்டு வாங்கி, அதன் எண்ணை யாருக்கோ அனுப்பும். கார்டு எண் போய்விட்டால் பணம் யாரிடம் போனது என்று பிடிப்பது கடினம் என்பதால்தான் அவர்கள் அதைக் கேட்கிறார்கள்.

உங்கள் போனில் யுபிஐ லைட் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். சின்னத் தொகைகளுக்கு ரகசிய எண்ணை (யுபிஐ பின்) கேட்காமலே பணம் போகும் வசதி அது. நமக்குப் பால் வாங்க வசதி. போனை எடுக்கும் பிள்ளைக்கும் அதே வசதி. பாஸ்புக்கில் லைட்டில் ஏற்றிய மொத்தத் தொகைதான் தெரியும், ஒவ்வொரு செலவும் தனித்தனியாகத் தெரியாது. பிள்ளை கையாளும் போனில் அதை நிறுத்திவிடுங்கள். யுபிஐ பின் எண் பிள்ளையின் பிறந்த ஆண்டாக இருக்க வேண்டாம். இந்தத் தெருவில் பாதிப் பேர் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள் என்று பந்தயம் கட்டுவேன்.

பெரிய பிள்ளைக்குச் செலவுக்குக் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் யுபிஐ சர்க்கிள் என்ற வசதி 2024இலிருந்து இருக்கிறது. உங்கள் கணக்கிலிருந்து பிள்ளை பணம் கொடுக்கலாம். ஒவ்வொரு முறையும் நீங்கள் அனுமதித்தால்தான் போகும் என்று வைத்துக்கொள்ளலாம். வேலையிடத்தில் போனைத் தொட முடியாதவர்களுக்கு இது சரிவராது. அவர்கள் ரொக்கமாகவே கொடுத்துவிட்டு, பிளே ஸ்டோரில் எதை வாங்கினாலும் கடவுச்சொல் கேட்கும்படி அமைத்துவிட்டால் போதும்.

பேச வேண்டிய பேச்சு

இதற்காகப் பிள்ளையை எதிரில் உட்காரவைத்துப் பாடம் நடத்தாதீர்கள். வண்டியில் பின்னால் உட்கார்ந்து வரும்போது, வெங்காயம் உரிக்கும்போது, முகத்துக்கு முகம் பார்க்காமல் பேசும் நேரங்களில் பேசுங்கள். இரண்டே நிமிடம் போதும். மூன்று மாதம் கழித்து மறுபடியும் இரண்டு நிமிடம்.

தொடங்குவதற்கு ஒரு வழி: "யாரோ ஒரு பையனை வீடியோ காலில் ஏமாற்றிப் பணம் கேட்டார்களாம். உங்கள் வகுப்பில் இப்படி யாருக்காவது நடந்திருக்கிறதா?" பிள்ளைக்குத் தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை, மற்றவர் கதையாகச் சொல்லும். கேட்டுக்கொள்ளுங்கள். "அந்தப் பிள்ளை ஏன் அப்படிச் செய்தது" என்று நீங்கள் முகம் சுளித்தால், உங்கள் பிள்ளை அதைத் தனக்கான தீர்ப்பாகக் குறித்துக்கொள்ளும்.

பிறகு சொல்ல வேண்டியது இது. இதே சொற்களில் சொன்னாலும் சரி: "உனக்கு இப்படி நடந்தால், நீயே படம் அனுப்பியிருந்தாலும், நான் வேண்டாம் என்று சொன்னதைச் செய்திருந்தாலும், முதலில் என்னிடம் வா. அடிக்க மாட்டேன். போனைப் பிடுங்க மாட்டேன். படிப்பை நிறுத்த மாட்டேன். பணம் கட்டாமல் இதை முடிக்க வழி இருக்கிறது, எனக்குத் தெரியும்."

இதில் கடைசி வாக்கியம் மிக முக்கியம். பெற்றோருக்கு ஒன்றும் தெரியாது, தெரிந்தாலும் அழத்தான் தெரியும் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். போனைப் பிடுங்குவதைப் பற்றிய வாக்கியமும் அப்படித்தான். பெண் பிள்ளைகளுக்கு இன்னொரு பயம் உண்டு: சொன்னால் பள்ளியை நிறுத்தி மாப்பிள்ளை பார்த்துவிடுவார்கள். இந்தப் பயம் வீண் பயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. நடப்பதைப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன். ஆகவே வாயால் சொன்னால் மட்டும் போதாது, அப்பாவும் சேர்ந்து சொல்ல வேண்டும்.

பையனிடமும் பேசுங்கள். "பெண் பிள்ளைக்குச் சொல்லிவிட்டோம், இவன் ஆம்பளைப் பிள்ளைதானே" என்று விட்டுவிடுகிற வீடுகள் அதிகம். உடனடியாகப் பணம் கேட்டு மிரட்டும் கும்பல்கள் தேடுவது பெரும்பாலும் பையன்களைத்தான். அவர்களுக்கு வெட்கம் இன்னும் கூடுதல், வாய் திறப்பது இன்னும் குறைவு.

உங்களிடம் சொல்லவே முடியாது என்று பிள்ளை நினைத்தால் யாரிடம் சொல்லலாம் என்பதையும் முன்பே முடிவு செய்யுங்கள். சித்தப்பாவோ, அத்தையோ, டியூஷன் அக்காவோ ஒருவர். அவரிடம் நீங்களே போய், "என் பிள்ளை எப்போதாவது இப்படி வந்தால் முதலில் கேள், பிறகு என்னைக் கூப்பிடு" என்று சொல்லிவையுங்கள். யாரும் இல்லையென்றால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைப் பிள்ளைக்குச் சொல்லிவையுங்கள். எந்நேரமும் கூப்பிடலாம், கட்டணம் இல்லை.

போனில் செய்ய வேண்டியவை, சுருக்கமாக

இன்ஸ்டாகிராமில் பிள்ளையின் பிறந்த தேதி உண்மையானதாக இருக்கட்டும். 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு டீன் அக்கவுண்ட் என்று ஒரு ஏற்பாடு 2025இல் இந்தியாவுக்கும் வந்துவிட்டது. கணக்கு தானாகவே தனிப்பட்டதாக இருக்கும். தெரியாதவர் செய்தி அனுப்ப முடியாது. 16 வயதுக்குக் கீழே என்றால் அமைப்பைத் தளர்த்தப் பெற்றோர் அனுமதி வேண்டும். பொய்த் தேதி கொடுத்துப் பெரியவர் கணக்காகத் திறந்திருந்தால் இவையெல்லாம் கிடைக்காமல் போகலாம். பின்தொடர்பவர் பட்டியலைப் பிள்ளையோடு உட்கார்ந்து ஒரு முறை சலித்தெடுங்கள். நேரில் தெரியாதவர்கள் வேண்டாம். அந்தப் பட்டியல்தானே மிரட்டுகிறவனுக்கு மூலதனம்.

வாட்ஸ்அப்பில் முகப்புப் படம் தொடர்பில் இருப்பவர்களுக்கு மட்டும். இணைக்கப்பட்ட சாதனங்கள் என்ற இடத்தில் தெரியாத கணினி ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். இரவில் எல்லோருடைய போனும், அப்பாவுடையதும் சேர்த்து, முன்னறையில் சார்ஜில் கிடக்கட்டும். பிள்ளைக்குத் தெரியாமல் உளவு பார்க்கும் ஆப்களை நான் பரிந்துரைப்பதில்லை. கேட்பவர்களுக்கும் போட்டுத் தருவதில்லை. பிள்ளை அதைக் கண்டுபிடிக்கும் நாளில், நீங்கள் மேலே கொடுத்த வாக்கு செல்லாமல் போய்விடும்.

நடந்துவிட்டது என்று தெரிந்ததும்

முதல் பத்து நிமிடம் நீங்கள் செய்யாமல் இருப்பவைதான் பிள்ளையைக் காப்பாற்றும். கை ஓங்காதீர்கள். "சொன்னது நல்லது, இனி இது உன் பிரச்சினை இல்லை, என் பிரச்சினை" என்று சொல்லி ஒரு டம்ளர் தண்ணீர் கொடுங்கள். எவ்வளவு பணம் போனது என்பதை அப்போது கணக்குப் பார்க்க வேண்டாம்.

பணம் கட்டாதீர்கள். அவகாசம் கேட்டுக் கெஞ்சவும் வேண்டாம், "உன்னை விடமாட்டேன்" என்று சவால் விடவும் வேண்டாம். பதில் அனுப்புவதை நிறுத்திவிடுங்கள்.

எதையும் அழிக்காதீர்கள். பதற்றத்தில் எல்லோரும் செய்வது, முழு உரையாடலையும் அழித்துவிட்டு அவனை பிளாக் செய்வது. போலீஸுக்குக் கொடுக்கக் கையில் ஒன்றும் இருக்காது. முதலில் இவற்றை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள்: அவன் கணக்கின் பெயரும் முகவரியும், போன் எண், மிரட்டிய வரிகள் தேதியோடு, பணம் கேட்ட யுபிஐ முகவரி அல்லது கியூஆர் கோடு. பணம் போயிருந்தால் ரசீதில் இருக்கும் 12 இலக்க யுபிஐ பரிவர்த்தனை எண்ணைத் தனியே எழுதிக்கொள்ளுங்கள். அதன் பிறகு அந்தக் கணக்கைப் பற்றி ஆப்பிலேயே புகார் செய்துவிட்டு பிளாக் செய்யலாம்.

ஒன்றை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுக்கக் கூடாது: பிள்ளையின் அந்தரங்கப் படத்தை. அதை வேறு போனுக்கு மாற்றவோ, அண்ணனுக்கு அனுப்பவோ, என்னைப் போன்ற கடைக்காரரிடம் கொடுத்துப் பிரிண்ட் எடுக்கவோ கூடாது. குழந்தைகளின் ஆபாசப் படங்களைப் பகிர்வது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவிலும், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்திலும் குற்றம். வைத்திருப்பதைப் பற்றி, சென்னை அம்பத்தூரில் பதிவான ஒரு வழக்கிலேயே கேள்வி எழுந்தது. பதிவிறக்கிப் பார்ப்பது மட்டும் குற்றமாகாது என்று 2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதை, அதே ஆண்டு செப்டம்பர் 23இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. எந்தப் போனில் இருக்கிறதோ அந்தப் போனிலேயே இருக்கட்டும். போனோடு போலீஸிடம் காட்டுங்கள். ஆதாரத்துக்காகப் போனை அவர்கள் வாங்கிக்கொள்ளக்கூடும் என்பதால் முக்கியமான எண்களை முன்பே ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930. இது நாடு முழுவதற்குமான சைபர் குற்ற உதவி எண். அவன் பணத்தைக் கணக்கிலிருந்து எடுப்பதற்கு முன் தகவல் போய்ச் சேர்ந்தால் அங்கேயே நிறுத்திவைக்க வாய்ப்புண்டு. ஒவ்வொரு மணி நேரமும் அந்த வாய்ப்பைக் குறைக்கும். எந்த வங்கி, எவ்வளவு, எப்போது, பரிவர்த்தனை எண் என்ன என்று கேட்பார்கள். தாளை வைத்துக்கொண்டு பேசுங்கள். லைன் கிடைக்கவில்லையென்றால் சைபர் கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் என்ற அரசு இணையதளத்தில் நீங்களே பதியலாம். பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகாருக்கு அங்கே தனிப் பகுதி உண்டு.

படம் பரவாமல் தடுக்க இன்னொரு வேலையையும் அதே இரவில் செய்யலாம். டேக் இட் டவுன் என்று ஒரு இலவச இணைய சேவை இருக்கிறது. காணாமல்போன, சுரண்டப்படும் குழந்தைகளுக்கான அமெரிக்கத் தேசிய மையம் அதை நடத்துகிறது. படம் இருக்கும் போனிலிருந்தே அந்தத் தளத்தைத் திறந்து படத்தைத் தேர்ந்தெடுத்தால், அந்தப் படத்துக்கென்று ஒரு எண் கோவை உருவாகும். படம் போனை விட்டு வெளியே போகாது, அந்த எண் மட்டும்தான் போகும். இன்ஸ்டாகிராம், பேஸ்புக், ஸ்னாப்சாட் போன்ற, இதில் சேர்ந்திருக்கும் தளங்களில் அந்தப் படத்தை யாராவது ஏற்றினால் எண்ணை வைத்துக் கண்டுபிடித்து நீக்குவார்கள். பெயர் கொடுக்க வேண்டியதில்லை. வாட்ஸ்அப் போலப் பூட்டிய உரையாடல்களுக்குள் இது எட்டாது. 18 வயது ஆகும் முன் எடுத்த படங்களுக்கு இது. பெரியவர்களுக்கு ஸ்டாப் என்சிஐஐ என்று இதே போல வேறொன்று இருக்கிறது.

இந்த நேரத்தில் இரண்டாவது ஏமாற்றுக்காரன் வருவான். "டெல்லி சைபர் கிரைமிலிருந்து பேசுகிறேன், உங்கள் மகன் மேல் புகார் வந்திருக்கிறது, வீடியோவை நீக்கப் பணம் கட்டுங்கள்" என்று காக்கிச் சட்டைப் படத்தோடு ஒரு அழைப்பு. பெரும்பாலும் முதல் கும்பலின் ஆள்தான் அவனும். இணையத்தில் "வீடியோவை அழித்துத் தருகிறோம்" என்று விளம்பரம் செய்பவர்களிடமும் போகாதீர்கள். எந்தக் காவல் நிலையமும் யுபிஐயில் பணம் வாங்கி வீடியோ அழிப்பதில்லை.

காவல் நிலையம்

இங்கேதான் பெற்றோர் பின்வாங்குகிறார்கள். "ஸ்டேஷன் வாசலில் பெண் பிள்ளையை நிறுத்தவா?" என்று கேட்ட தாய்மார்கள் உண்டு. நிறுத்த வேண்டியதில்லை. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி பிள்ளையின் வாக்குமூலத்தை வீட்டிலேயோ பிள்ளை விரும்பும் இடத்திலேயோ வாங்கலாம். இயன்றவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி வர வேண்டும், சீருடையில் வரக் கூடாது. நீங்கள் உடன் இருக்கலாம். எந்தக் காரணத்துக்காகவும் இரவில் பிள்ளையைக் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. பெயரையோ, படத்தையோ, பள்ளியையோ பத்திரிகை வெளியிட்டால் அதுவே குற்றம். இந்தச் சட்டம் பையன்களுக்கும் பொருந்தும். முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கட்டணமில்லாமல் தர வேண்டும்.

அனைத்து மகளிர் காவல் நிலையம் அருகில் இருந்தால் அங்கே போங்கள். "இது எங்கள் எல்லையில் வராது" என்று யாராவது சொன்னால், எங்கே நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் புகாரைப் பதிவு செய்யலாம் என்று பணிவாகச் சொல்லுங்கள். 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலேயே அது இருக்கிறது.

மிரட்டியவன் உறவுக்காரனாகவோ தெருக்காரனாகவோ இருந்தால் வேறொரு தொல்லை வரும். பெரியவர்கள் கூடி உட்காருவார்கள். "பையன் எதிர்காலம் போய்விடும், படத்தை அழித்துவிடச் சொல்கிறோம், இதோடு விடு" என்பார்கள். அவன் அழித்தானா, எத்தனை பேருக்கு முன்பே அனுப்பினான் என்பதை அந்தக் கூட்டத்தில் யாரால் உறுதி சொல்ல முடியும்? போக்சோவின் 19ஆம் பிரிவுப்படி, இப்படி ஒரு குற்றம் நடந்தது தெரிந்தவர் யாராக இருந்தாலும் போலீஸுக்குச் சொல்ல வேண்டும், மறைப்பது தண்டனைக்குரியது. கூட்டத்துக்கு இதைச் சொன்னால் பலர் செருப்பை மாட்டிக்கொள்வார்கள்.

அன்றிரவும் அதற்குப் பிறகும்

அன்றிரவு பிள்ளையைத் தனியாகப் படுக்க விடாதீர்கள். காரணத்தைச் சொல்லாமல் பக்கத்தில் படுத்துக்கொள்ளுங்கள். சாப்பிடாமல் இருப்பது, "எல்லாம் என்னால்தான்" என்று திரும்பத் திரும்பச் சொல்வது, தன் பொருள்களை மற்றவருக்குக் கொடுப்பது, இவற்றைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் தமிழிலேயே மனநல ஆலோசனை கிடைக்கும், 104லும் கிடைக்கும். பிள்ளை பேச மறுத்தால் நீங்கள் பேசி, என்ன செய்வது என்று கேளுங்கள். சாக வேண்டும் என்று பிள்ளை நேராகவே சொன்னால் ஒரு நிமிடமும் தனியே விடாமல் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

மிரட்டியவன் சில நேரம் சொன்னதைச் செய்துவிடுவான், படம் ஓரிரு உறவினருக்குப் போய்விடும். அதற்கும் தயாராக இருங்கள். யார் வீட்டிலிருந்து போன் வந்தாலும் ஒரே பதில்: "என் பிள்ளையை ஏமாற்றி மிரட்டியிருக்கிறார்கள். புகார் கொடுத்தாகிவிட்டது. உங்களுக்கு வந்ததை யாருக்கும் அனுப்பாமல் அழித்துவிடுங்கள், அனுப்பினால் அது உங்கள் மேல் வழக்காகும்." விளக்கம் சொல்லத் தொடங்காதீர்கள். வகுப்பாசிரியரிடம் பெற்றோரில் ஒருவர் நேரில் போய்ச் சொல்வது நல்லது. பள்ளி மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுக்கப் பார்த்தால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் புகார் சொல்லலாம்; ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டால் வழி காட்டுவார்கள்.

கல்லூரிக்குப் போகும் வயதில் இன்னொரு பொறி இருக்கிறது. "உன் வங்கிக் கணக்கையும் சிம்மையும் கொடு, மாதம் மூவாயிரம் தருகிறேன்" என்பான். மேலே சொன்ன கும்பல்களுக்குப் பணம் வந்து விழுவது இப்படி வாடகைக்கு எடுத்த கணக்குகளில்தான். போலீஸ் முதலில் வந்து நிற்பது கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவர் வீட்டு வாசலில். பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும்போதே பிள்ளைக்கு இதைச் சொல்லிவிடுங்கள். உடனடிக் கடன் ஆப்களும் அதே வயதைத்தான் குறிவைக்கின்றன. கடன் தரும் ஆப்கள் போனில் உள்ள படங்களையும் தொடர்பு எண்களையும் தொடக் கூடாது என்று 2023 மே இறுதியிலிருந்து பிளே ஸ்டோரில் விதி இருக்கிறது. ஆகவே பிளே ஸ்டோருக்கு வெளியே லிங்க்காக வரும் கடன் ஆப் எதுவாக இருந்தாலும் தொடவே வேண்டாம்.

புகார் பதிந்ததும் ஒரு ஒப்புகை எண் வரும். அதைப் போனில் மட்டும் வைக்காமல் ரேஷன் கார்டோடு ஒரு தாளிலும் எழுதி வையுங்கள். நிறுத்திவைக்கப்பட்ட பணம் தானாகத் திரும்பி வராது. நீதிமன்ற உத்தரவு வேண்டியிருக்கலாம். அதற்கு இந்த எண்ணும், முதல் தகவல் அறிக்கையின் நகலும், வங்கிக் கணக்கு விவரத் தாளும் கேட்பார்கள். மூன்றையும் இரண்டு ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.